அச்சச் சுவையும் ‘விடாது கருப்பு’த் தொடர்நாடகமும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் அச்சத்தை ஐந்தாவதாக வைத்தார். அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்பது அவர் துணிபு. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்கு என்பதனுள் பேய், பூதம் முதலியவற்றையும் அடக்கி உரை கூறுவர். இறை என்பது தம்மை ஆளுந் தலைமையைக் குறிக்கும். பேயையும் அரசனையும் ஒரே நிரலில் வைத்து எண்ணிய இவ்விலக்கண நூலாரின் நுண்மாண் நுழைபுலம் வியக்கத்தக்கது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்தாரிடம் இந்நான்கையும் எடுத்துரைத்தால் அவர்கள் விளக்கம் வேண்டார். மலையடிவாரத்து முனி, இரவிற் புதர் விலக்கி வரும் சிறுத்தை, லயத்துக் கோழியைக் கவரும் கள்வன், பங்களாவிலிருக்கும் துரை என நான்கிற்கும் அவர்களே எடுத்துக்காட்டுக் கூறிவிடுவர்.

இத்தகைய அச்சச் சுவையையே பொருளாகக் கொண்டு தமிழ்த் தொலைக்காட்சியில் எழுந்த நாடகத் தொடர்களுள் தலையாயது ‘மர்ம தேசம்’. 1993ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒளிபரப்பைத் தொடங்கிய சன் தொலைக்காட்சியில், 1990களின் நடுப்பகுதியில் இது வெளிவரலாயிற்று. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் இதனைத் தயாரித்தது. கதைகளை எழுதியவர் மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கத்திற் பெரும்பங்கு நாகா என்பாருடையது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என ஐந்து கதைகள் இப்பொதுப் பெயரின் கீழ் அடங்கும். ஒரு கதையின் மாந்தர் மறு கதையில் வாரார், களமும் வேறு. ஆயினும் ஐந்தையும் ஒரே சுவை பிணித்து நிற்கிறது. வெவ்வேறு புலவர் பாடிய செய்யுள்களைப் பொருளும் அளவும் நோக்கி ஒருங்கு சேர்த்துத் தொகை எனப் பெயரிட்ட மரபு தமிழுக்குப் புதிதன்று. ஆதலின் இத்தகைய படைப்பைத் தொகைத் தொடர் என அழைத்தல் பொருந்தும்.

மேலை நாட்டில் இவ்வகைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது ராட் செர்லிங் என்பார் 1959 முதல் 1964 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடத்திய ‘ட்வைலைட் சோன்’ என்னும் தொடராகும். 156 கதைகள் கொண்ட அத்தொடரில் ஒவ்வொரு கதையும் ஓரிரவில் தொடங்கி அவ்விரவிலேயே முடியும். ‘மர்ம தேச’மோ ஒவ்வொரு கதையையும் பல வாரங்களுக்கு நீட்டியது. அங்குச் சிறுகதையின் இயல்பு மேலோங்க, இங்குத் தமிழ் வார இதழ்த் தொடர்கதையின் இயல்பு மேலோங்கியது. இவ்வேற்றுமை பின்னர் நாம் காணப்போகும் குறைகள் சிலவற்றிற்குங் காரணமாயிற்று.

மருட்சி தரும் கதைகளை இரு பாற்படுத்தலாம். பேயென்று தோன்றியது ஈற்றில் மனிதச் சூழ்ச்சியென்றோ நோயென்றோ தெளிவாவது ஒரு வகை. தெளிவாகாமலே நிற்பது மற்றொரு வகை. ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப் 1794ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உடோல்போவின் மர்மங்கள்’ முன்னதற்குச் சான்று. இவ்விரண்டிற்கும் இடையே, இதுவோ அதுவோ என்று படிப்போன் தயங்கி நிற்கும் கணமே இத்துறையின் உயிர்நிலை என 1970இல் டொடொரோவ் என்னும் திறனாய்வாளர் நிறுவினார்.

தமிழில் இச்சிந்தனைக்கு மூலம் தேடுவோர் மணிமேகலையை நாடுதல் வேண்டும். சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் தலையோடு ஏந்திக் கூத்தாடிய பேயைக் கண்டு அஞ்சிய சார்ங்கலன் என்னுஞ் சிறுவன், தாயிடம் ஓடிவந்து அதனைக் கூறி உயிர்விடுகிறான். பார்வையற்ற தாயாகிய கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். தெய்வம் கூறும் விடை யாது? அணங்கோ பேயோ உயிரைக் கொள்வதில்லை. மகனுடைய அறியாமை வாயிலாக ஊழ்வினையே அவனுயிரைக் கொண்டது என்பதே. பேயைப் பற்றிய அச்சத்தை ஒரு தெய்வமே மறுத்துரைக்கும் இப்பகுதி உலக இலக்கியத்தில் அருகியே காணப்படும் ஒன்றாம். அச்சக் கதை எழுதுவோர்க்குச் சாத்தனார் இட்ட அளவுகோல் இது. பேயை மறுத்தால் மட்டும் போதாது. தாயின் துயருக்கும் விடை கூறவேண்டும்.

இவ்வளவுகோல் கொண்டு ‘விடாது கருப்பு’ என்னும் இரண்டாங் கதையை நோக்குவாம். ஐந்தனுள்ளும் இதுவே பெரிதும் பேசப்பட்டது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ என்ற நாவல் இதற்கு அடிப்படை. தோட்டக்காரமங்கலம் என்னும் தென்தமிழ்நாட்டுச் சிற்றூரில் கருப்புசாமியே காவல் தெய்வம். தவறு செய்தாரைக் கருப்பு தப்பவிடாது என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. அதற்கேற்பக் குற்றவாளிகள் ஒருவர்பின் ஒருவராகத் தண்டிக்கப்படுகின்றனர். இருளில் ஒரு குதிரையுருவந் தோன்றுகிறது. பொழுது விடிந்தால் ஒரு பிணங் கிடக்கிறது. மருத்துவம் பயிலும் ரீனா என்னும் நகரத்துப் பெண் அவ்வூருக்கு வந்து, நடப்பவற்றை ஐயக்கண் கொண்டு ஆராய்கிறாள். இந்நிகழ்காலக் கதையோடு, ராஜேந்திரன் என்னும் சிறுவனின் இளமைக்காலக் கதையும் இணைந்து நடக்கிறது. ஈற்றில் இவ்விரு நீரோட்டங்களும் ஒன்று கலக்கின்றன. வளர்ந்துவிட்ட ராஜேந்திரனே, தானறியாமல், உள்ளம் இருகூறாகப் பிளவுண்ட நிலையிற் கருப்பாக மாறித் தண்டனை வழங்கினான் என்பது புலப்படுகிறது. பிஞ்சு நெஞ்சிற் பதிந்த அச்சமும் காயமும் அவனுள் மற்றொருவனை உருவாக்கின.

இக்கட்டுக்கோப்பின் சிறப்பு, விடையை மறைத்து வைத்த முறையில் உள்ளது. சிறுவன் ராஜேந்திரனின் கதை முதலில் இடைச்செருகல் போலவே தோன்றும். பார்ப்போர் அவன்மீது இரக்கங் கொள்கின்றனரேயன்றி ஐயங் கொள்வதில்லை. பின்னர் உண்மை வெளிப்படும்போது, அவ்விரக்கத்தைத் திரும்பப் பெறவும் இயலாது. கொலைகளை மன்னிக்கவும் இயலாது. துப்பறியுங் கதைகளில் குற்றவாளி யாரென அறிந்தவுடன் உள்ளத்திற் பிறக்கும் அமைதி இங்குப் பிறப்பதில்லை. அணங்கின்பால் தொடங்கிய அச்சம் மனிதன்பாற் சென்று, பின் ஒவ்வொருவனும் தன்னகத்தே காணவேண்டிய அச்சமாக முடிகிறது. தொல்காப்பியர் வகுத்த நான்கினோடு ஐந்தாவதாகத் தன்னுள்ளம் என்பதொன்றைச் சேர்க்கலாமோ என எண்ணத் தோன்றுமளவுக்கு இம்முடிவு வலிமையுடையது.

இயக்குநரின் ஆற்றலும் பாராட்டற்குரியது. அக்காலத்துத் தொடர்நாடகங்கள் பெரும்பாலும் ஒரு வீட்டின் கூடத்திலேயே நிகழ்ந்தன. மாந்தர் அமர்ந்து பேசுவர், எழுந்து பேசுவர், பின் அழுவர். நாகா கதையை வெட்டவெளிக்குக் கொணர்ந்தார். கோயிலும் வயலும் ஒற்றையடிப் பாதையும் வெறும் பின்னணியாக அமையாது கதைமாந்தர் போலவே இயங்குகின்றன. சங்கப் புலவர் முதற்பொருளும் கருப்பொருளும் அமைத்து உரிப்பொருளை விளங்கச் செய்த நெறி நினைவுக்கு வருகிறது. ராஜேந்திரனாக நடித்த சேத்தன், இயல்பான இளைஞனொருவனின் எளிமையைக் காத்துக் கொண்டமையாலேயே முடிவு நம்பத்தக்கதாயிற்று. ரீனாவாக வந்த தேவதர்சினி கற்றவளின் செருக்கையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டினார். வாரம் ஒருமுறை மட்டும் ஒளிபரப்பியதும் ஒருவகையில் நன்மையாயிற்று. இடைப்பட்ட ஆறு நாள்களிலும் கதை பார்த்தோர் நாவில் வளர்ந்தது. குற்றவாளி இன்னார் என வாதிட்டோரின் ஊகங்களும் நாடகத்தின் ஒரு பகுதியே எனலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. முடிச்சொன்றைப் பல வாரம் காக்கவேண்டிய கட்டாயத்தால், ஏறத்தாழ எல்லா மாந்தரும் ஒரு கட்டத்திற் கள்ளப் பார்வை பார்க்கின்றனர். குற்றமற்றவன் கதவோரத்தில் ஒதுங்கி நின்று முகஞ் சுளிப்பது எற்றுக்கு? பார்ப்போரை மயக்குதற்கன்றிக் கதைக்கு அதனாற் பயனில்லை. இருளும் குதிரைக் குளம்பொலியும் முதல் முறை மெய்சிலிர்க்க வைக்கின்றன. பின்னர் அவை வழக்கமான அறிவிப்பாகத் தேய்ந்துவிடுகின்றன. நாவலிற் சில வரிகளில் அடங்கும் செய்தி, நாடகத்தில் ஒரு வாரத்தையே விழுங்கிவிடுவதுமுண்டு.

இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை பிறிதொன்று. அது நாடகத்தின் விடையைப் பற்றியது. கருப்பாக வந்தவன் யார் என்ற வினாவுக்கு விடை கிடைக்கிறது. அவ்வூருக்கு ஒரு கருப்பு ஏன் தேவைப்பட்டது என்ற வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. வலியோன் எளியோனை வஞ்சிக்கும்போது முறையிட ஓரிடம் இல்லாத ஊரிலேதான் இருளில் வரும் நீதிபதிக்கு மதிப்பு உண்டாகிறது. ராஜேந்திரனின் நோய் தீரலாம். அவ்வூரின் நோய் தீருமோ? மருத்துவ நூல் ஒருவனின் உள்ளப் பிளவை விளக்க, அதைக் கேட்டு ஊர் முழுவதும் தெளிவு பெற்றதாகக் கொள்வது எளிய முடிவாகும்.

இதனினும் கூரிய வினாவொன்று உண்டு. தண்டிக்கப்பட்டோர் தீயோர் என முன்னரே காட்டப்படுவதால், ஒவ்வொரு மரணத்தின்போதும் பார்ப்போர் உள்ளூர மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி முறையானதோ என நாடகம் அவர்களை அழுத்திக் கேட்பதில்லை. இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை ஒப்பிடுதல் தகும். புகார் நகரத்துச் சதுக்கப் பூதமும் பொய்த்தவத்தோர், பொய்க்கரியாளர், பிறர்மனை நயப்போர் முதலியோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்பது. தொழிலளவில் அது கருப்பின் முன்னோன் எனலாம். ஆயின் இளங்கோவடிகள் அத்துடன் நிற்கவில்லை. பொய்க்கரி கூறியவனைப் பூதம் பற்றியபோது, அவன் தாய் படுந்துயர் கண்டு கோவலன் தன்னுயிரை ஈடாகத் தர முன்வருகிறான். பூதம் அதனை ஏற்க மறுக்கிறது, குற்றவாளியைத் தண்டிக்கிறது. பின்னர், ஆதரவற்ற அக்குடும்பத்தைக் கோவலன் பல்லாண்டு பேணுகிறான். நீதி நிறைவேறியபின் எஞ்சும் அழுகையையும் கணக்கிற் கொண்ட காப்பியம் அது. ‘விடாது கருப்பி’ல் பூதம் உண்டு, கோவலனுக்குரிய இடம் போதியதாக இல்லை.

இனி, இந்நாடகம் ஊவாவின் தோட்டங்களில் எவ்வாறு ஏற்கப்படும் என்பது தனியே ஆராயத்தக்கது. இலங்கையில் அரச தேசியத் தொலைக்காட்சியாகிய ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதந் தொடங்கியது. எனினும் லயக் காம்பராக்களுக்கு மின்சாரம் வந்தது மிகப் பிந்தியே. கார் பற்றரியில் இயங்கிய ஒரு பெட்டியைச் சூழ்ந்து ஒரு லயமே இஸ்தோப்பில் அமர்ந்து பார்த்த காலமும் இருந்தது. இன்று ‘விடாது கருப்பு’ இணையத்திற் காணக்கிடைக்கிறது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹப்புத்தளைப் பகுதிகளில் அதனைக் கைப்பேசியிற் காணும் இளைஞர் ஒளிபரப்பான காலத்திற் பிறந்திராதவர். அவரோடிருந்து பார்க்கும் பாட்டியோ கருப்பைக் கற்பனைப் பாத்திரமாகக் கொள்பவரல்லர். அவர் நாள்தோறும் கொழுந்துக் கூடையோடு செல்லும் வழியில் ஒரு மரத்தடியிற் சூலமும் கல்லுமாக அத்தெய்வமே நிற்கிறது.

மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் தம்மோடு கொணர்ந்த செல்வம் சிறிது, தெய்வம் பல. மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் கருப்பண்ணசாமியும் கடல் கடந்தனர். வந்தபின் புதிய தெய்வங்களும் தோன்றின. தேயிலை அரைக்குந் தொழிற்சாலையில் ரோதைமுனி எழுந்தருளினார். கவ்வாத்துக் கத்தி எடுக்குமுன் வணங்குதற்குக் கவ்வாத்துச்சாமி உண்டானார். இவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் ஒதுக்குவோர் தெய்வத்தின் தொழிலை நோக்காதவராவர். சுழலும் ரோதையிற் கை அகப்பட்டால் கையில்லை. கவ்வாத்துக் கத்தி தவறினாற் காலில்லை. அபாயம் எங்கு உண்டோ அங்குத் தெய்வம் நின்றது. அஞ்சுதற்குரிய பொருளுக்கு ஒரு பெயரும் முகமும் தந்து, அதனருகே செல்லும்போது மனத்தை ஒருமுகப்படுத்தச் செய்த ஏற்பாடு அது.

அன்றியும், துரையின் சொல்லே சட்டமாயிருந்த காலத்தில் தோட்டத்தார்க்கு மேன்முறையீட்டு மன்று ஏது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட பின்னர், வாக்கு என்னும் முறையீடும் அவர்களிற் பெரும்பாலோர்க்கு இல்லாதொழிந்தது. முனியின் முன் சூடங் கொளுத்திச் சத்தியஞ் செய்தல் அன்று வழக்குமன்றத்தின் இடத்தைப் பெற்றிருந்தது. ஆகவே தோட்டக்காரமங்கலத்தார் கருப்பை விடாது பற்றி நின்றதன் காரணத்தை நகரத்து ரீனாவினும் தோட்டத்துப் பாட்டி நன்குணர்வார். நாடகம் விடுக்காத வினாவுக்கு விடை இம்மலைச்சரிவுகளில் உண்டு.

ஆயின் பாட்டி அறியாததொன்றை ரீனா அறிவாள் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பத்தாம் வகுப்பிற் பயிலும் ஒரு மாணவி திடீரெனப் பேச்சடங்கி, உணவு மறுத்து, இரவில் எழுந்து நடப்பாளாயின் முதலில் எண்ணப்படுவது பேய் அல்லது முனியின் கோபமே. உடுக்கும் வேப்பிலையும் ஓய்ந்தபின், மாதங்கள் கழிந்து, பதுளை வைத்தியசாலை நினைவுக்கு வருகிறது. இடையில் இழந்த நாள்களை எவர் மீட்டுத் தருவர்? தான் செய்ததைத் தானறியாத நிலை ஒரு நோயென்றும், நோய்க்கு மருத்துவம் உண்டென்றும் ஒரு கதை வாயிலாகப் பல்லாயிரவர் அறிந்துகொள்வது சிறு நன்மையன்று. இவ்வகையில் ‘விடாது கருப்பு’ ஆற்றிய பணி, பாடநூல் பல ஆற்றாத பணியாம்.

எனினும் மருத்துவமும் மரபும் பகையாகவே நிற்கவேண்டுமென்ற நியதியில்லை. 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் உளமருத்துவரே சடங்கின் வடிவத்தைக் கைக்கொண்டு நோய் தீர்க்கிறார். ஊவாவின் சிங்களக் கிராமங்களிலும் அறியப்பட்ட தொவில் சடங்குகளைச் சார்ந்த சன்னி யக்கும என்னும் ஆட்டத்தில், பதினெட்டு நோய்கள் பதினெட்டு முகமூடிகளாக வந்து நகைப்புக்கிடமாகி நீங்குகின்றன. அச்சத்திற்கு முகங் கொடுத்து, அம்முகத்தை நோக்கி நகைக்கச் செய்யும் அறிவு அதில் உண்டு. ‘விடாது கருப்பி’ன் இறுதிப் பகுதி இத்தகைய இணைப்பை நாடியிருப்பின், விளக்கவுரை போன்று அமையாது நாடகமாகவே நிறைவெய்தியிருக்கும்.

அச்சத்தை முற்றும் ஒழித்தல் அறிவுடைமையாகுமோ என்பதும் எண்ணத்தக்கது. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்னுங் கருத்து வள்ளுவர் வாயிலாகத் தமிழர் நன்கறிந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் வாழ்தற்குத் தகாதென 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அறிவியலார் எச்சரித்திருந்தனர். அங்கு அஞ்சவேண்டிய பொருள் அணங்கன்று; நீரூறித் தளர்ந்த மண். அவ்வச்சத்தை இறையின் நிலையிலிருந்தோர் தமதாக ஏற்று, மாற்று நிலத்தில் வீடுகட்டித் தந்திருப்பின் பல உயிர்கள் பிழைத்திருக்கும். இருளிற் கேட்கும் குளம்பொலிக்கு அஞ்சுவதை விட்டு, பகலிற் காணும் மலை வெடிப்புக்கு அஞ்சக் கற்பதே இந்நாடகம் காட்டும் பகுத்தறிவின் முறையான தொடர்ச்சி. வெடிப்பைக் கண்டவன் முறையிடச் செல்லுமிடம் திறந்திருத்தல் அதனினும் இன்றியமையாதது.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி மதுரையிற் காலமானார். ஆலயம், சித்தர், காவல் தெய்வம் என மக்கள் நாவில் வழங்கிய பொருள்களை வெகுசனக் கதைக்குள் கொணர்ந்து, அவற்றை இகழாமலும் ஆராயாது ஏற்காமலும் எழுத முயன்றவர் அவர். ‘ரகசியம்’ கதையில் நவபாடாண இலிங்கத்தைச் சுற்றி எழுப்பிய வினாவும், ‘விடாது கருப்பி’ல் காவல் தெய்வத்தைச் சுற்றி எழுப்பிய வினாவும் ஒன்றே. நம்புவோன் எதனை நம்புகிறான், எதன்பொருட்டு நம்புகிறான் என்பதே அது. முதற்பாதிக்கு அவரும் நாகாவும் தந்த விடை இன்றும் சுவை குன்றாது நிற்கிறது. மறுபாதி எழுதப்படவில்லை. ரோதைமுனியையும் கவ்வாத்துச்சாமியையும் கண்டு வளர்ந்த மலைநாட்டு மாணவருள் ஒருவர் அதனை எழுதுவாராயின், கோதமையின் அழுகைக்கும் பூதம் உண்டவனின் தாய்க்கும் அதில் இடம் வைத்தல் வேண்டும்.